கப்பாபாஷி பீங்கான் கடைகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

டோக்கியோவில் தட்டு, கிண்ணம் வாங்கக் கப்பாபாஷிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் அங்கே லேபிளில் இருக்கும் சொற்களில் ஒரு இருபதையாவது தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால், அழகாக இருக்கிறதே என்று கையில் எடுத்ததை எல்லாம் வாங்கிவந்து, அதில் எதைப் பரிமாறுவது என்று புரியாமல் அலமாரியில் அடுக்கி வைப்பீர்கள். அது கடைக்காரர்களின் குற்றம் இல்லை. சுற்றுலா வருபவர்களுக்காக உருவான தெரு இல்லை இது. உணவகம் நடத்துபவர்கள் சாமான் வாங்குகிற தெரு, அவர்களுக்குப் புரிகிற மாதிரிதான் எல்லாம் எழுதியிருக்கும்.

உயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில் இருக்கிறது. கின்ஸா மெட்ரோவில் தவாராமாச்சி ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட பிரம்மாண்டமான சமையல்காரர் தலை தெரியும், அங்கிருந்து தெரு தொடங்குகிறது. 1912-ஐ ஒட்டிப் பழைய சாமான் வியாபாரிகள் சிலர் கடை போட்டதில் ஆரம்பித்தது, இன்று சுமார் 800 மீட்டரில் 170 கடை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கத்திக் கடை, மெழுகு பொம்மை மாதிரி உணவு மாதிரிகள் விற்கும் கடை, வாசலில் தொங்கவிடும் நோரென் திரைக் கடை என்று எல்லாம் உண்டு. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், கத்திக் கடைகளில் கூட்டமும் தாங்காது. நான் பீங்கான் கடைகளையும், சாப்பாட்டை அடுக்கி அழகுபடுத்தும் சாமான் விற்கும் கடைகளையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் லேபிள். ஒரு தட்டின் கீழே 5.0 என்று போட்டிருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் 3.5 என்று இருக்கும். விலை இல்லை, அங்குலமும் இல்லை. சுன் என்ற பழைய அளவு அது. ஒரு சுன் 3.03 சென்டிமீட்டர். மூன்றால் பெருக்கினால் போதும், 5.0 என்றால் 15 சென்டிமீட்டர் தட்டு. சில கடைகளில் இதையே 5 கோ என்று எழுதுவார்கள், தட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். பத்து சுன் சேர்ந்தால் ஒரு ஷாக்கு, அதனால் ஷாக்குஸரா என்றால் 30 சென்டிமீட்டர் பெரிய தட்டு. ஜப்பான் மீட்டர் கணக்குக்கு எப்போதோ மாறிவிட்டது, ஆனால் பாத்திர வியாபாரத்தில் சுன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவை பழகிவிட்டால் இது மிகவும் வசதி, வீட்டு அலமாரியின் ஆழத்தைச் சுன்னில் கணக்குப் போட்டுக்கொண்டு போனால் கடையில் குழப்பமே வராது.

அளவு மாறினால் பெயரும் மாறும், பெயர் மாறினால் வேலையும் மாறும். மூன்று சுன்னும் அதற்குக் கீழும் மமேஸரா. நாலு சுன் பக்கம் கோஸரா. ஐந்து சுன்னுக்கு வந்தால் தோரிஸரா, அதாவது நடுவில் வைத்த பெரிய தட்டிலிருந்து அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் தட்டு. எட்டு சுன்னுக்கு மேலே போனால் ஓஸரா. இதில் எல்லாரும் விழுவது மமேஸராவில்தான். உள்ளங்கை அளவு, விசிறி வடிவம், மீன் வடிவம், பூ வடிவம், 200 யென்னிலிருந்து 500 யென் வரை, பார்த்தால் பத்து வாங்கத் தோன்றும். சோயா சாஸ், உப்பு, இரண்டு துண்டு ஊறுகாய், இதற்கு மேல் அதில் ஒன்றும் வைக்க முடியாது. இரண்டு மூன்று போதும். அந்தப் பணத்தில் ஐந்து சுன் தோரிஸரா வாங்குங்கள், தினமும் கையில் இருக்கும். வெள்ளையோ, நீலக் கோடு போட்டதோ, நான் பார்த்தவரை 400 யென்னிலிருந்து 800 யென்னுக்குள் உருப்படியானவை கிடைக்கின்றன. அந்தச் செங்குத்து நீலக் கோட்டுக்குத் தோக்குஸா என்று பெயர், எந்த உணவையும் கெடுக்காத கோலம். ஒரு தட்டு உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று தேடுவதும் சுலபம்.

கிண்ணத்துக்கு வருவோம். சாவான் என்று எழுதியிருந்தால் டீ குடிக்கும் கோப்பை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது சோற்றுக் கிண்ணம். தெளிவாகச் சொல்ல விரும்பும் கடைகள் மேஷிவான் என்று போடும். அதிலும் ஓஹிரா, சூஹிரா என்று பெரியது நடுத்தரம் பிரித்திருப்பார்கள். ஜப்பானிய வீடுகளில் சோற்றுக் கிண்ணம் ஆளுக்கு ஒன்று, அடுத்தவர் கிண்ணத்தில் சாப்பிடுவதில்லை. ஆகவே கணவன் மனைவிக்கு என்று ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக மெயோதோ ஜோடி விற்பார்கள். பெண் குறைவாகத்தான் சாப்பிடுவாள் என்று யார் முடிவு செய்தார்களோ! ஜோடியைத் தவிர்த்து, கையில் வைத்துப் பார்த்து, பிடிக்கு அடங்குவதைத் தனித்தனியாக வாங்குவதே உத்தமம்.

கிண்ணத்தைக் குறிக்கும் வான் என்ற எழுத்திலேயே ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. சோற்றுக் கிண்ணத்தின் வானில் இடப்பக்கம் கல்லைக் குறிக்கும் பகுதி இருக்கும், சூப் குடிக்கும் ஷிருவானில் மரத்தைக் குறிக்கும் பகுதி இருக்கும். முன்னது பீங்கான், பின்னது மரத்தில் உருஷி, அதாவது மரப்பால் அரக்கு, பூசியது. சூடான மிசோ சூப்பை இவர்கள் கிண்ணத்தைக் கையில் தூக்கித்தான் குடிக்கிறார்கள், பீங்கானாக இருந்தால் விரல் வெந்துவிடும், மரம் சூட்டைக் கைக்குக் கடத்தாது. ஜப்பானிய எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு வடிவத்தை மட்டும் போனில் படமாக வைத்துக்கொண்டு போங்கள்.

ஷிருவான் விஷயத்தில் கப்பாபாஷியை முழுதாக நம்பிவிட வேண்டாம் என்பேன். இங்கே அடுக்கி வைத்திருக்கும் கறுப்பும் சிவப்புமான கிண்ணங்களில் பெரும்பகுதி உணவகங்களுக்கானது, அதாவது ப்ளாஸ்டிக் உடம்பு, மேலே யூரித்தேன் பூச்சு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தினம் பல முறை போட்டு எடுக்கும் கடைக்கு அதுதான் சரி, அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஜப்பானில் வீட்டுப் பொருள்களுக்கான தரக்குறிப்புச் சட்டம் இருப்பதால் பூச்சு என்ன, உள்ளே உடம்பு என்ன என்று இரண்டையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டைக் காட்டி, உடம்பு இயற்கை மரமா, பூச்சு உருஷியா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் விலை ஏறும், அது நியாயம். உடம்பு ஏபிஎஸ் ரெசின், அதாவது ப்ளாஸ்டிக், என்று இருக்கும் கிண்ணத்துக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். உண்மையான உருஷி வேண்டுமென்றால் இஷிகாவாவில் வாஜிமா போன்ற ஊர்களின் பொருளை அதற்கென்றே உள்ள கடையில் வாங்குவது மேல்.

இந்தத் தெருவின் உண்மையான புதையல் கோபாச்சி. மூன்றரையிலிருந்து நாலரை சுன், தட்டு என்று சொல்ல முடியாத ஆழம், சோற்றுக் கிண்ணம் அளவு பெரிதும் இல்லை. வேகவைத்த கீரை, எள்ளில் பிரட்டிய காய், கொஞ்சம் தோஃபு, இப்படிப் பக்கத்தில் வரும் சின்னச் சமாச்சாரங்களுக்கு என்றே செய்தது. ஒரே கடையில் சுவர் முழுக்க, ஒவ்வொன்றும் ஒரு வடிவம், 500 யென்னிலிருந்து. விளிம்பு பூ இதழ் போல வளைந்திருந்தால் ரின்கா என்பார்கள், ஒரு பக்கம் மூக்கு வைத்திருந்தால் கதாகுச்சி. கதாகுச்சி சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றுவதற்கும் ஆகும், காய் பரிமாறவும் ஆகும்.

கோபாச்சியோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது மோரித்ஸுகே, உணவைப் பாத்திரத்தில் எப்படி வைப்பது என்கிற கலை. சுகி என்று ஜப்பானில் எங்கும் நிற்கும் ஊசியிலை மரம் இருக்கிறதே, அந்த வடிவத்தில் அடி அகன்று நுனி குறுகிக் குவித்து வைத்தால் சுகிமோரி. ஆழமான கோபாச்சிக்கு இதுதான் பொருந்தும். சுற்றிலும் பாத்திரத்தின் உள்சுவர் தெரிய வேண்டும், விளிம்பு வரை நிரப்பினால் கிண்ணமும் கெட்டது, கீரையும் கெட்டது. அந்த வெற்றிடத்துக்கு யோஹாக்கு என்று தனிப்பெயர். குவியலின் உச்சியில் துளி இஞ்சி, யூஸு என்ற எலுமிச்சை வகையின் தோல், கினோமே என்ற வாசனை இளந்தளிர் என்று எதையாவது வைப்பது தென்மோரி. அது வெறும் அலங்காரம் இல்லை, இன்னும் யாரும் இதில் கைவைக்கவில்லை என்று சாப்பிடுபவருக்குச் சொல்லும் அடையாளமும்கூட. பச்சை மீனைத் தட்டையான தட்டில் ஒரே உயரத்தில் படுக்க வைப்பது ஹிராமோரி. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் துண்டுகள் வரும். பக்கத்தில் நூல் மாதிரி சீவிய முள்ளங்கிக்குக் கென் என்று பெயர், ஓரத்தில் வரும் மற்ற தழைகளுக்கு த்ஸுமா. இதெல்லாம் எதற்கு, தட்டு வாங்கத்தானே வந்தோம் என்று கேட்கலாம். குவித்து வைக்கும் உணவா, படுக்க வைக்கும் உணவா என்று தெரிந்தால்தான் ஆழமான பாத்திரம் எடுப்பதா தட்டை எடுப்பதா என்று முடிவுக்கு வர முடியும். கடைக்காரரிடம் சும்மா கிண்ணம் வேண்டும் என்பதற்குப் பதில் சுகிமோரிக்கு ஒரு கோபாச்சி என்று சொல்லிப்பாருங்கள், அவர் முகமே மாறிவிடும், உள்ளே இருக்கும் சரக்கும் வெளியே வரும்.

சுட்ட மீனுக்கு நீளத் தட்டு தனி, யாக்கிமோனோஸரா. முழு மீன் வைத்தால் தலை சாப்பிடுபவருக்கு இடப்பக்கம், வயிறு அவரைப் பார்த்து. காரேய் என்ற தட்டை மீன் மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கண்கள் வலப்பக்கம் என்பதால் தலை வலப்பக்கம் போகும். தட்டில் படம் இருந்தால் அதற்கும் முன்பக்கம் உண்டு, ஷோமென் என்பார்கள், படம் சாப்பிடுபவருக்கு நேராகத் தெரிய வேண்டும். மூன்று கால் வைத்த கிண்ணத்தில் ஒற்றைக் கால் முன்னால் வரும். மெல்லிய மரப்பலகையை வளைத்துச் செய்த தட்டம் என்றால் தைத்த இணைப்பைப் பார்க்க வேண்டும், வட்டத் தட்டத்தில் இணைப்பு நம் பக்கம், சதுரத்தில் எதிர்ப்பக்கம். இந்தக் கடைசி விதியை நல்ல உணவகங்களிலேயே சிலர் தப்பாக வைக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

சில பெயர்களைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. முகோஸுகே என்று போட்ட குட்டிக் கிண்ணங்கள் எக்கச்சக்க விலையில் இருக்கும். தேநீர்ச் சடங்குக்கு முன்னால் பரிமாறும் கைசெக்கி உணவில், தட்டத்தில் சோறும் சூப்பும் முன்னால் இருக்க, அவற்றுக்கு அப்பால் எதிர்ப்பக்கம் வைப்பது என்பதால் அந்தப் பெயர். வைக்கும் இடமே பாத்திரத்துக்குப் பெயராகிவிட்டது. ஹஸ்ஸுன் இன்னும் வேடிக்கை: எட்டு சுன் சதுரத் தட்டம், கடைசியில் அதில் வரும் உணவு வரிசைக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு ஹஸ்ஸுன் தேவையில்லை. முகோஸுகே ஒன்றிரண்டு வாங்கலாம், கோபாச்சி செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும், கொஞ்சம் பகட்டாக.

மண்ணா, பீங்கானா? கடைக்காரர்கள் த்ஸுச்சிமோனோ, இஷிமோனோ என்பார்கள், மண் சாமான், கல் சாமான். கல் சாமான் வெள்ளை, மெல்லியது, தட்டினால் கணீர் என்று கேட்கும், தண்ணீரை உறிஞ்சாது. சாகா மாநிலத்தில் இருக்கும் அரிதாதான் இதற்குத் தாய்வீடு, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் முதன்முதலில் அங்கேதான் சுட்டார்கள், இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் பழைய சரக்குக்கு இமாரி என்றே பெயர். மண் சாமான் உறிஞ்சும், அதுதான் அதன் அழகும் தொல்லையும். புதிதாக வாங்கியதும் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் காய்ச்சி அப்படியே ஆறவிட வேண்டும், மேதோமே என்று பெயர், கஞ்சிப்பசை மண்ணின் துளைகளை அடைத்துவிடும். எண்ணெய்ப் பலகாரம் வைப்பதானால் தட்டை முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு வையுங்கள். யாமாகுச்சியில் செய்யும் ஹாகி கோப்பைகள் மேல்பூச்சின் விரிசல் வழியே தேநீர் இறங்கி ஆண்டுக்கணக்கில் நிறம் மாறிக்கொண்டே போகும், அதை ரசிக்கிறவர்கள் வாங்கலாம், கறை என்று பதறுகிறவர்கள் வாங்கக் கூடாது.

கப்பாபாஷியில் பெரும்பாலும் உங்கள் கைக்கு வருவது மினோ சரக்கு. கிஃபு மாநிலத்தில் தாஜிமி, தோகி, மிஸுநாமி சுற்றுவட்டாரத்தில் செய்வது, ஜப்பானில் உற்பத்தியாகும் பீங்கான் பாத்திரத்தில் சுமார் பாதி அங்கிருந்து வருகிறது. மலிவு என்று அலட்சியப்படுத்த வேண்டாம். செம்பிலிருந்து வரும் பச்சைப் பூச்சு ஓரிபே, பனி மாதிரி தடித்த வெள்ளை ஷினோ, இரண்டுமே மினோவின் சொத்து. ஓரிபேயின் கோணல்மாணலான தட்டில் வெள்ளை மீன் துண்டுகளை ஹிராமோரி வைத்துப் பாருங்கள், வெறும் வெள்ளைத் தட்டில் அந்த மீன் எவ்வளவு சோகையாக இருந்தது என்று அப்போதுதான் தெரியும். லேபிளில் உத்ஸுஷி என்ற சொல் இருந்தால், பழைய பாணியைப் பார்த்துச் செய்தது என்று அர்த்தம். போலி என்று நினைக்க வேண்டாம், வெளிப்படையாகச் சொல்லிச் செய்யும் நகல் அது. கிதாஓஜி ரோசான்ஜின் (1883–1959) பாணியில் செய்த தட்டுகளும் இப்படித்தான் கிடைக்கின்றன. தன் சமையலுக்குப் பொருந்தும் பாத்திரம் வேண்டும் என்று தானே சூளை போட்டுச் செய்தவர் அவர், 1925-இல் டோக்கியோவில் ஹோஷிகாஓகா சார்யோ என்ற உணவகத்தைத் திறந்தவர். அவர் பாணித் தட்டுகள் கனம், கழுவும்போது தெரியும்.

அலங்காரச் சாமான் கடைகளை விட்டுவிடாதீர்கள். மோரிபாஷி என்று உணவை அடுக்கி வைப்பதற்கான குச்சி ஜோடி கிடைக்கும், நுனி ஊசி போலக் கூரான ஸ்டீல், பிடி மரம். தென்மோரிக்குத் துளி இஞ்சியை உச்சியில் நிறுத்த விரலாலும் சாதாரணக் குச்சியாலும் முடியாது, இதனால் முடியும். வீட்டில் சமைப்பவருக்கு இந்தத் தெருவில் நான் சிபாரிசு செய்யும் முதல் பொருள் இதுதான். அப்புறம் காயிஷிகி, உணவுக்கு அடியில் விரிக்கும் இலையும் தாளும். மூங்கில் இலை, மேப்பிள் இலை, பருவத்துக்கு ஒன்று. ப்ளாஸ்டிக்கில் செய்ததும் அடுக்கடுக்காக இருக்கிறது, பச்சை நிறம் கண்ணை உறுத்தும், தொடாதீர்கள். உண்மையான இலைக்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது: தோகுஷிமாவில் காமிகாத்ஸு என்ற மலைக் கிராமம் 1986-இல் இருந்து இந்த இலைகளைப் பறித்து உணவகங்களுக்கு விற்கிறது, பறிப்பவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்கு அடியில் விரிக்கும் எண்ணெய் உறிஞ்சும் தாள் நூறு தாள் கட்டாகத்தான் வரும், வாங்கலாம், கெட்டுப்போகாது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், விடுமுறை நாளில்தான் போக முடியும் என்பவர்கள் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், மாலை ஐந்தரைக்கெல்லாம் ஷட்டர் இறங்கத் தொடங்கிவிடும். பாத்திரங்கள் பெரும்பாலும் ஐந்தாகக் கட்டி விற்பார்கள், 5 கியாகு என்று போட்டிருக்கும், விருந்தாளிக்கு வைக்கும் பாத்திரத்தை எண்ணும் சொல் கியாகு. நாலு என்ற எண்ணின் ஓசை சாவு என்ற சொல்லோடு ஒத்துப்போவதால் நாலாகக் கட்டுவதை விரும்புவதில்லை, ஒற்றைப்படை மங்கலம். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) தனியாக நின்ற ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனால் மீதி நாலையும் எடுத்து வை என்றார்கள், எங்கேயும் அப்படி எழுதிப் போடவில்லை, விளக்கமும் இல்லை. அடுத்த கடையிலேயே அதே தட்டு ஒன்றாகக் கிடைத்தது. படம் எடுப்பதையும் பல கடைகள் விரும்புவதில்லை, கேட்டுவிட்டு எடுங்கள். விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்: ஸேய்கோமி என்றால் 10 சதவீதம் உள்ளே, ஸேய்பெத்ஸு என்றால் மேலே.

கடை வாசலில் கூடைகளில் வாகேஆரி என்று போட்டுக் குவித்திருப்பார்கள், சின்னக் குறை உள்ள சரக்கு. கறுப்புப் புள்ளி இருந்தால் தெப்புன், மண்ணில் இருந்த இரும்புத் துகள், ஒன்றும் ஆகாது. குண்டூசித் துளை இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் தட்டைச் சமமான இடத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள், அடியில் இருக்கும் வளையத்தை, அதாவது கோதாயை, விரலால் தடவிச் சொரசொரப்பு பாருங்கள். அது சொரசொரத்தால் உங்கள் மேஜையில் கோடு விழும். விளிம்பில் நகம் சிக்கினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

5,000 யென்தான் கையில் என்றால் நான் வாங்கச் சொல்வது: ஐந்து சுன் தோக்குஸா தோரிஸரா இரண்டு, ஆழமான கோபாச்சி இரண்டு, ஓரிபே நீளத் தட்டு ஒன்று, மிச்சத்தில் மோரிபாஷி. குச்சி வைக்கும் ஹாஷியோகி 100 யென்னிலிருந்தே இருக்கிறது, சில்லறை மிஞ்சினால் அதைப் பார்க்கலாம். தோனாபே மண்சட்டி வேண்டும் என்று தோன்றினால், மூன்று நாலு பேருக்கு 8 கோ அளவு சரியாக இருக்கும், ஆனால் அதை மட்டும் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் உள்ள கடையில் வாங்குங்கள். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு 800 மீட்டர் நடந்தால் பிறகு பார்க்கும் எந்தக் கிண்ணமும் பிடிக்காது.